பதினெட்டுக்குப் பின்

பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. நமக்கும் முடிந்தது. பிறகு கல்லூரி வந்தது. கல்லூரிக்குப் பின் பல்கலைக்கழகம் வந்தது. இதற்கப்பால் வேலை என்ற ஒன்று வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பள்ளி முடிந்த மறுநாள் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடமும் இல்லாத இளைஞர்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். வளர்ச்சிக் குறைபாடு உடையோர் என்று அவர்களைக் குறிப்பிடுவர். அவர்களை வேலைக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சி என்றால் என்ன, ஒரு சிறு குழு அதை எப்படித் தொடங்குவது என்று எழுதித் தருமாறு மன்றத்து நண்பர்கள் கேட்டனர். பாண்டுப்பில் நாங்கள் ஆறு குடும்பத்தார் சேர்ந்து அப்படியொன்றைத் தொடங்க முனைந்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். நான் படிப்பது வேதியியல். இத்துறையில் எனக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஓராண்டாகப் படித்ததும், போய்ப் பார்த்ததும், கேட்டறிந்ததுமே என் கைச்சரக்கு.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வளர்ச்சிக் குறைபாடு என்பது ஒரு தனி நோயின் பெயர் அன்று. பிறவியிலோ, மூளை வளரும் இளம் பருவத்திலோ தோன்றி வாழ்நாள் முழுதும் உடன் வரும் பல நிலைகளுக்கு அது பொதுப்பெயர். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் ஆகியவை அதனுள் அடங்கும். டவுன் சிண்ட்ரோம் என்பது அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உரிய காரணங்களுள் ஒன்று. நம் உயிரணுக்களில் இரண்டாக இருக்க வேண்டிய 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்துவிடுவதால் அது உண்டாகிறது. 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூனும் அவருடைய கூட்டாளிகளும் இதை வெளியிட்டனர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கிரகணத்தன்று தாய் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று சொல்லும் பாட்டிமார் எங்கள் சாலில் இருக்கிறார்கள். அவர்களோடு வழக்காடி நான் இதுவரை வென்றதில்லை.

மனநோய் இதனின்றும் வேறானது. அதற்கு மருந்து உண்டு, வந்து போவதும் உண்டு. பெருமூளை வாதம் உடையவர் பலருக்கு அறிவில் ஒரு குறையும் இராது; கையும் நாவும்தாம் சொன்னபடி கேட்பதில்லை. இவ்வேறுபாடுகளை அறியாமல் எல்லாரையும் ஒரே சொல்லால் அழைப்பது நம் வழக்கமாகிவிட்டது. அச்சொல்லை இங்கே எழுத வேண்டியதில்லை, நீங்களே அறிவீர்கள். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கு இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் பேருக்கு ஏதேனும் ஓர் உடற்குறையோ அறிவுக்குறையோ உண்டு என்றது. அவர்களுள் அறிவுத்திறன் குறைபாடு உடையோர் 15 லட்சம் பேர்.

இவர்களுக்குப் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் புதிதன்று. 1944-இல் இந்நகரில் ஹோர்மஸ்ஜி வக்கீல், ஜெர்பாய் வக்கீல் என்ற பார்சித் தம்பதியர், டவுன் சிண்ட்ரோம் கொண்ட தம் மகள் தீனாவுக்காகத் தம் வீட்டிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினர். சிவ்ரியில் இன்று நூற்றுக்கணக்கானோர் பயிலும் ஜெய் வக்கீல் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. சென்னையில் 1953-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் பால விஹார் தோன்றியது. இவை பள்ளிகளாகவே தொடங்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் இப்பிள்ளைகளுள் பலர் பெரியவர்களாகும் வரை உயிர் வாழவில்லை. மேல்நாட்டுக் கணக்கின்படி, டவுன் சிண்ட்ரோம் உடையவரின் சராசரி வாழ்நாள் 1983-இல் கூட ஏறத்தாழ 25 ஆண்டுகளே. இன்று அது 60-ஐ எட்டியிருக்கிறது. இதயக் குறைகளை அறுவை செய்து சரிப்படுத்தத் தொடங்கியது ஒரு காரணம்; பெரும் விடுதிகளில் அடைத்துவைக்கும் வழக்கம் ஒழிந்தது மற்றொரு காரணம். மருத்துவம் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்துவிட்டது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்வது என்பதை மருத்துவம் சொல்லவில்லை.

சட்டமும் பதினெட்டு வயதில் ஒரு கோடு போடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. அரசு வேலைகளில் 4 விழுக்காடு இடங்களை ஒதுக்குமாறும் அது பணிக்கிறது. ஆனால் அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உடையோரும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோரும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பதினெட்டு நிறைந்ததும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமையும் முடிந்துவிடுகிறது. தேவைப்பட்டால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும். பெற்ற தாய்க்கே விண்ணப்பமா என்று சினப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது: பதினெட்டு வயதானவர் பெரியவர், அவரைப் பெரியவராகவே சட்டம் பார்க்கிறது. வீடும் தெருவும்தாம் அப்படிப் பார்ப்பதில்லை.

என் அண்ணனுக்கு 27 வயது. அவருக்கு டவுன் சிண்ட்ரோம் உண்டு. பதினெட்டு வயது வரை ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போய் வந்தார். அங்கே பத்து வரை எண்ணவும், தம் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதவும், கடையில் பால் வாங்கி வரவும் கற்றார். பள்ளி முடிந்ததும் வீட்டில் இருந்தார். முதல் ஆண்டு தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இரண்டாம் ஆண்டில் பையைத் தேடுவதை விட்டார். நான்காம் ஆண்டில் ஒரு நாள் தற்செயலாக எண்ணச் சொன்னபோது ஆறோடு நின்றுவிட்டார். பயன்படாத அறிவு துருப்பிடிக்கிறது என்பது யாவர்க்கும் பொது. நாமும் பத்தாம் வகுப்பில் படித்த சமஸ்கிருதத்தையோ மராத்தி இலக்கணத்தையோ இன்று ஒப்பிக்க முடியாது. ஆனால் நமக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. அவருக்கு அந்தப் பத்துதான் இருந்தது.

எங்களைப் போல் ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு கூடுதல் இடர் உண்டு. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருந்தால் சித்தப்பா வீடு இருக்கும், ஒரு தோட்டம் இருக்கும், மாட்டைப் பிடித்துக் கட்டும் வேலையாவது இருக்கும். பாண்டுப்பில் பத்துக்குப் பன்னிரண்டடி அறையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கின்றன. அப்பா வேலைக்குப் போய்விடுவார். அம்மா அவரைத் தனியே விட்டு மருந்துக்கடை வரை போகவும் தயங்குவார். வீட்டில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் அல்லர், இருவர்.

ஆகவே பயிற்சி வேண்டும் என்று எல்லாரும் ஒப்புவர். எத்தகைய பயிற்சி என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான இடங்களில் கண்டது இது: ஒரு கூடம், அதில் மெழுகுவத்தி, காகிதப்பை, அகல் விளக்குக்கு வண்ணம் பூசுதல், தீபாவளிக்கு முன் ஒரு விற்பனைக் கண்காட்சி. இதைக் காப்புத் தொழிற்கூடம் எனலாம். வீட்டில் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இதில் இரண்டு குறைகள் உண்டு. பொருளை வாங்குபவர் இரக்கத்தால் வாங்குகிறார். இரக்கம் ஆண்டுக்கு ஒருமுறைதான் சந்தைக்கு வரும். இரண்டாவது, பயிற்சிக்கு முடிவே இல்லை. இன்னும் ஆயத்தமாகவில்லை, இன்னும் ஆயத்தமாகவில்லை என்று சொல்லிச் சொல்லி நாற்பது வயது வரை பயிற்சியாளராகவே இருப்பவர்கள் உண்டு. நாம் முனைவர் பட்டத்துக்கு ஆகும் காலத்தைக் கண்டு அஞ்சுகிறோமே, அதனினும் நீண்ட படிப்பு இது.

ஆயத்தம் என்பதைப் பற்றிய இந்த நினைப்பை அமெரிக்காவில் உடைத்தவர் மார்க் கோல்டு என்ற ஆசிரியர். இவர் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் சைக்கிளின் பின்சக்கரப் பிரேக். அதில் 15 உறுப்புகள் உண்டு. ஒன்று தலைகீழாகப் போனாலும் முழுதும் கெட்டுவிடும். காப்புத் தொழிற்கூடங்களில் மிகக் குறைந்த அறிவுத்திறன் உடையவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த இளைஞர்களிடம் அதைக் கொடுத்தார். எப்படிக் கற்பித்தார் என்பதுதான் அறிவியல் மாணவர் கவனிக்க வேண்டிய இடம். உறுப்புகளை வரிசையாகத் தட்டுகளில் வைத்தார். சிலருக்குக் கொடுத்த உறுப்புகளில், சரியாகப் பொருத்தும்போது பார்ப்பவரை நோக்கி இருக்க வேண்டிய பக்கத்துக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசினார். பேச்சைக் குறைத்தார். தவறு நேர்ந்தால் திட்டுவதும் இல்லை, புகழ்ந்து தள்ளுவதும் இல்லை. வேறு விதமாகச் செய்து பாருங்கள் என்ற பொருளில் ஒரு சிறு தொடர் மட்டுமே. அவர்கள் கற்றுக்கொண்டனர். வண்ணம் பூசிய உறுப்புகளைப் பெற்றவர்கள் இன்னும் விரைவில் கற்றனர். பிறகு 24 உறுப்புகள் கொண்ட வேறொரு பிரேக்கையும் பூட்டினர். 1972-இல் இது வெளியாயிற்று.

ஒருவர் ஒன்றைக் கற்கவில்லை என்றால் கற்பித்த முறையை மாற்றிப் பார் என்பதே கோல்டு கண்டது. குறையை மாணவரிடம் வைத்தால் அங்கே ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. முறையிடம் வைத்தால் நாளைக்குச் செய்து பார்க்க ஒன்று மிஞ்சுகிறது. ஆய்வுக்கூடத்தில் வினை நடக்கவில்லையென்றால் குடுவையைச் சபிக்கிறோமா?

இம்முறைக்கு வேலைப் பகுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் ஆறு குடும்பத்துப் பெண்கள் இட்லிப்பொடி இடித்து விற்பவர்கள். 200 கிராம் பொடியைப் பையிலிட்டு மூடுவது ஒரு வேலை. நமக்கு அது ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் கை கழுவுவது, தொப்பி அணிவது, பையை எடுப்பது, வாயைப் பிரிப்பது, தகரப் புனலில் மாட்டுவது, தராசில் வைப்பது, கரண்டியால் பொடி இடுவது, அளவு வந்ததும் நிறுத்துவது, பையை எடுப்பது, மூடும் பொறியில் வைத்து விளக்கு அணையும் வரை அழுத்துவது, சீட்டு ஒட்டுவது, தட்டில் அடுக்குவது என்று பன்னிரண்டு படிகள் வந்தன. ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம் வரைந்து, தாமே செய்தாரா, கை காட்டினால் செய்தாரா, கையைப் பிடித்துச் செய்வித்தோமா என்று தினமும் குறித்துக்கொள்கிறோம். பத்து நாள் குறித்த பின் அந்தத் தாள் ஓர் உண்மையைச் சொல்லும். அவரால் பொடி கட்ட முடியவில்லை என்று ஒருநாளும் அது சொல்லாது. எட்டாம் படியில் தடுக்குகிறார் என்றுதான் சொல்லும்.

எங்களுக்கும் அவ்வாறே எட்டாம் படியில் தடுக்கியது. மின் தராசின் எண்ணை வாசிக்க நால்வரால் இயலவில்லை. ஆகவே மின் தராசை அகற்றிவிட்டுப் பழைய தட்டுத் தராசைக் கொண்டுவந்தோம். ஒரு தட்டில் 200 கிராம் படிக்கல், மறுதட்டில் பை, முள் நடுவில் நின்றால் போதும். எண் தெரிய வேண்டியதே இல்லை. பத்துப் பைக்கு ஒரு பெட்டி என்பதற்குப் பத்துக் குழிகள் வெட்டிய பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்துகொண்டோம். பாண்டுப்பின் பட்டறைகளில் இதை ஜிக் என்பார்கள். அளவெடுக்காமல் ஒரே இடத்தில் துளை போடத் திறமையான தொழிலாளரும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார். குழிகள் நிரம்பினால் பத்து. ஆறோடு நின்றுவிட்ட என் அண்ணன் இப்போது பத்துப் பத்தாகக் கட்டுகிறார்.

கற்பிப்பதை முதற்படியில் தொடங்காமல் கடைசிப் படியில் தொடங்குவதும் ஒரு முறை. பதினொரு படியை நாம் செய்து கொடுத்துவிட்டு, தட்டில் அடுக்குவதை மட்டும் அவரிடம் விடுவது. அது படிந்ததும் சீட்டு ஒட்டுவதையும் சேர்ப்பது. இதனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவர் அவரே ஆகிறார். முடித்த மகிழ்ச்சி அரைகுறையாய் நிறுத்தியவருக்குக் கிடைப்பதில்லை அன்றோ? துணையைச் சிறிது சிறிதாக விலக்குவது இதில் மிக அரிய பகுதி. அம்மாக்களுக்கு அது வருவதில்லை. அவர்களுடைய கை தானாக நீண்டுவிடுகிறது. அதனால் ஒருவர் மகனை இன்னொருவர் தாய் பயிற்றுவது என்று விதி செய்துகொண்டோம்.

இவ்வளவும் கைவேலை. வேலைக்கு ஆயத்தம் என்பதில் இது பாதிகூட இல்லை. வேலையில் சேர்ந்தவர்கள் அதை இழப்பது பெரும்பாலும் கைத்திறன் போதாமையால் அன்று என்று இத்துறையில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். உணவு நேரம் முடிந்தும் எழாமல் இருப்பது, வேலை தீர்ந்ததும் அடுத்தது என்ன என்று கேட்காமல் நிற்பது, முதலாளியைக் கட்டிப்பிடிப்பது, கழிவறைக் கதவைத் தாழிடாதது, கோபம் வந்தால் பொருளை எறிவது ஆகியவற்றால்தான் இழக்கிறார்கள். இவற்றை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. குழந்தை என்று சொல்லி விட்டுக்கொடுத்தே வந்தார்கள். 27 வயதான என் அண்ணனைத் தெருவில் இன்றும் ‘பாப்பா’ என்றே அழைக்கிறார்கள். பாப்பா கட்டிப்பிடித்தால் சிரிப்பார்கள். கடையில் வேலை செய்யும் ஆள் கட்டிப்பிடித்தால் சிரிப்பார்களா? எங்கள் அறையில் எல்லாரையும் பெயர் சொல்லி, ‘வாங்க, போங்க’ என்று பேசுவது முதல் பாடமாயிற்று. அது அவர்களுக்கான பாடமன்று, எங்களுக்கானது. உடலைப் பற்றியும், பிறர் எங்கே தொடலாம் தொடக்கூடாது என்பதைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளித்த பெற்றோர் உண்டு. ஆனால் சொல்லத் தெரியாதவரைத்தான் தீயவன் தேடி வருகிறான்.

இனி, கற்ற பிறகு வேலையா, வேலையிலேயே கற்பதா? 1980-களில் மேல்நாடுகளில் இம்முறை தலைகீழாயிற்று. முதலில் உண்மையான ஒரு வேலையிடத்தில் சேர்ப்பது. பிறகு அங்கேயே, அவ்வேலைக்கே பயிற்றுவது. உடன் ஒரு வேலைத் துணைவர் சில வாரங்கள் நின்று, மெல்ல விலகுவது. காரணம் எளிது. அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களுக்கு ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டுசெல்வதுதான் கடினம். பயிற்சிக் கூடத்தில் கற்ற கழுவுதொட்டி வேறு, உணவகத்துக் கழுவுதொட்டி வேறு. 1996-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் எரின் ரீல் என்ற செவிலியர் இவ்வழியில் ஒன்றைத் தொடங்கினார். அவசரப் பிரிவில் பஞ்சும் ஊசியும் கையுறையும் உரிய இடத்தில் குறையாமல் இருக்க வேண்டும்; அதற்கு நிலையாக நிற்கும் ஆள் கிடைப்பதில்லை. ஒரே வேலையைச் சலிக்காமல், வரிசை மாறாமல் செய்பவர்கள் அவ்வேலைக்கு ஏற்றவர்களாக இருந்தனர். ‘புராஜெக்ட் சர்ச்’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. படிப்பின் கடைசி ஓராண்டை மாணவர் மருத்துவமனையிலேயே கழிக்கிறார்.

நம் நகரிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. டாக்டர் சுஷ்மா நகர்கரும் அஷைதா மகாஜனும் 2014-இல் யஷ் அறக்கட்டளையை நிறுவினர். வளர்ந்த ஆண் பெண்களுக்கு வேலை என்பதே அதன் நோக்கம். முதலில் வீட்டுச் சமையல் டப்பாக்களை அனுப்பும் பணியைச் செய்தனர். அதில் காய் நறுக்குவதும், மாவு பிசைவதும், டப்பா அடைப்பதும் கற்ற பின்னரே 2018-இல் ஜுஹுவில் அர்ப்பண் என்ற காபிக்கடையைத் திறந்தனர். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பலர் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உடையவர்கள். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். காபி நன்றாக இருந்தது, அதுதான் முக்கியம். இதற்கு முன்னரே, 1990-களின் தொடக்கத்தில், ராதிகே கன்னா அம்மையார் தொடங்கிய ஓம் கிரியேஷன்ஸ் இதே நகரில் கைவினைப் பொருள்களைத் தரத்தால் விற்கலாம் என்று காட்டிற்று. ஜெய் வக்கீலிலும் தொழிற்பயிற்சிப் பிரிவு உண்டு. பாண்டுப்பிலிருந்து சிவ்ரிக்குப் போக வேண்டுமானால் குர்லாவில் இறங்கித் துறைமுகப் பாதைக்கு மாற வேண்டும். காலை எட்டரை மணிக்குக் குர்லாப் பாலத்தில் ஏறி இறங்கியவர்கள் அறிவார்கள், அது யாருக்கும் எளிய பயிற்சியன்று. ஆகவேதான் பாண்டுப்பிலேயே ஒன்று வேண்டும் என்கிறோம்.

தொடங்க விரும்பும் பிற பகுதித் தமிழ் நண்பர்களுக்கு, தாராவியிலும் செம்பூரிலும் கேட்கிறார்கள், சில விவரங்கள் சொல்கிறேன். ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள்; இருபது பேரைச் சேர்த்தால் கூடம் ஆகிவிடும். குறைபாட்டுச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு முதலில் அவற்றை வாங்குங்கள். அதற்கே மூன்று மாதம் போகும். இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு பெற்ற சிறப்பு ஆசிரியர் ஒருவராவது வாரத்தில் சில நாள் வேண்டும். 1992-ஆம் ஆண்டின் சட்டம் அப்பதிவை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஆர்வம் மட்டும் ஆசிரியர் ஆகிவிடாது. அறக்கட்டளையைப் பதிய வொர்லியில் அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். உணவுப்பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. வலிப்பு உடையவர் யார், என்ன மருந்து, யாருக்குத் தொலைபேச வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வையுங்கள்.

எந்த வேலையைக் கற்பிப்பது என்பதை அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். தெருவில் நடந்து பாருங்கள். லால்பகதூர் சாஸ்திரி சாலையில் பெரிய ஆலைகள் பல போய்விட்டன. ஆனால் உள்தெருக்களில் சிறு காலாக்கள் இருக்கின்றன. அங்கே திருகாணிகளை எண்ணிப் பையிலிடுகிறார்கள், அட்டைப்பெட்டி மடிக்கிறார்கள். மாட்டுங்காவில் நம்மவர் பூக்கடைகளும் மளிகைக் கடைகளும் உண்டு. வாழையிலை துடைத்து அடுக்குவதற்கு இரக்கமுள்ள வாடிக்கையாளர் யாரும் தேவையில்லை. இலை எப்படியும் விற்கும்.

கூலியைப் பற்றி ஒரு சொல். பல இடங்களில் கௌரவத் தொகை என்று மாதம் சிறிது பணம் தருகிறார்கள். பயிற்சிக் காலத்தில் அது சரி. வேலையென்று ஆனபின் கூலியென்றே சொல்லிக் கூலியே தர வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் குழுவிலேயே இதை ஒப்பாதவர் இருவர். அவனுக்குப் பணம் எதற்கு, இடம் கிடைத்ததே போதும் என்கிறார்கள். முதல் மாதம் பொடி விற்ற பங்கை உறையிலிட்டுக் கொடுத்தபோது, ஓர் இளம்பெண் அதை மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்து, பின் தம் தந்தைக்கு ஒரு கைக்குட்டை வாங்கினார். அத்தந்தை முன்பு ஒப்பாதவருள் ஒருவர். இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாம் தமிழ் மன்றத்தார் ஆதலின். இத்தகைய பிள்ளையிடம் ஒரே மொழியில் பேசுங்கள், வீட்டில் தமிழை விடுங்கள் என்று அறிவுரை கூறும் ஆலோசகர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒருவர் கூறினார். டவுன் சிண்ட்ரோமோ ஆட்டிசமோ உடைய குழந்தைகள் இருமொழிச் சூழலில் வளர்வதால் அவர்களுடைய மொழி பின்தங்குவதில்லை என்று கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழைப் பறித்தால் அவர்கள் இழப்பது தாயின் பேச்சையும் வீட்டுச் சிரிப்பையும்தான். எனவே அறையில் தமிழே பேசுகிறோம். ஆனால் வேலைக்கு வேண்டிய முப்பது சொற்களை இந்தியிலும் மராத்தியிலும் கற்பிக்கிறோம். ‘ஹோ கயா’, ‘பானி’, ‘மதத்’, ‘கிதி’ இவை வராமல் மும்பையில் வேலை இல்லை. என் அண்ணனுக்கு ‘ஹோ கயா’ மிகவும் பிடித்துவிட்டது. வேலை முடியுமுன்பே சொல்லிவிடுகிறார்.

கடைசியாகப் பயணம். வேலையிடத்துக்குத் தாமே போய்வர முடியாவிட்டால், ஒருவர் வேலைக்கு இருவர் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். எந்தக் குடும்பமும் அதைத் தாங்காது. ரயில்வே சலுகை விதியே, துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர் என்ற நிபந்தனையோடுதான் இவர்களுக்குச் சலுகை தருகிறது. தனியே போகக் கற்றால் சலுகை போய்விடும் என்று ஒரு பெற்றோர் உண்மையாகவே கவலைப்பட்டார். நம் லோக்கல் வண்டிகளில் இவர்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அது நிற்கும் இடத்தை மேடையில் பார்த்துவைத்துக்கொள்வது முதற்படி. மாட்டுங்காவில் விரைவு வண்டி நிற்காது. ஆகவே அறிவிப்புப் பலகையில் மெதுவண்டிக்கு உரிய எழுத்தைக் கண்டறிவது இரண்டாம் படி. பாண்டுப்பில் ஏறினால் காஞ்சூர் மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா, சயான், மாட்டுங்கா, ஏழாவது நிலையம். ஏழு மணிகள் கோத்த கயிறு ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறோம். நிலையத்துக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். மாட்டுங்கா நிலையம் 2017 முதல் பெண்களே நடத்தும் நிலையம். தடுமாறினால் சீருடைப் பெண்மணியிடம் சீட்டைக் காட்டுமாறு சொல்லியிருக்கிறோம்.

மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்காரர் தம் கடையில் நண்பகலில் இரண்டு மணி நேரம் இருவரை வைத்துப் பார்க்க இசைந்திருக்கிறார். இலை துடைப்பதும், உதிரிப்பூவைப் பொட்டலம் கட்டுவதும் வேலை. ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னார். அப்படிச் சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது. இருவரில் ஒருவர் என் அண்ணன். இந்த மாதம் முழுதும் அவர்கள் செல்லும் பெட்டியை ஒட்டிய பெட்டியில், அவர்கள் காணாதபடி, ஒருவர் போய்வர வேண்டும். எங்கள் வீட்டாரைக் கண்டால் அவர்கள் மணியை நகர்த்தாமல் சிரித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். ஆகவே அவர்களுக்குப் பழக்கமில்லாத முகம் வேண்டும். முலுண்டிலிருந்தோ தாணாவிலிருந்தோ வரும் மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் முற்பகலைத் தந்தால் போதும். விருப்பமுள்ளோர் மன்ற அறையில் உள்ள குறிப்பேட்டில் தம் பெயரையும் உகந்த நாளையும் எழுதி வையுங்கள். செவ்வாயும் வியாழனும் இன்னும் காலியாக இருக்கின்றன.